ஹெய்க் படங்களை ஜேபெக் ஆக்கும்போது தேதி, இடம், தமிழ்க் குறிப்பு தொலையாமல் இருக்க எந்த வழி?

ஐபோன் படங்களைக் கம்ப்யூட்டரில் இறக்கியவர்கள் அடிக்கடி கேட்பது இது: "எல்லாம் ஹெய்க் கோப்பாக இருக்கிறது. ஜேபெக் ஆக்க எந்த மென்பொருள் நல்லது?" ஹெய்க் என்பது ஐபோன் படங்களைச் சேமிக்கும் வடிவம், ஜேபெக் எங்கும் திறக்கும் பழைய வடிவம். மாற்றித் தரும் மென்பொருளுக்குப் பஞ்சமில்லை. மாற்றி முடித்து, மூலத்தை அழித்த பிறகுதான் தலைவலி ஆரம்பிக்கும். ஏழு வருடப் படங்களும் நேற்று எடுத்ததாகக் காட்டும். நிமிர்ந்து நின்ற தாத்தா பக்கவாட்டில் படுத்திருப்பார். ஊர்ப் பெயர் பாதியில் அறுந்திருக்கும்.

எந்த மென்பொருள் என்பதற்கு முன்னால், படத்தோடு என்னென்ன விவரங்கள் (மெட்டாடேட்டா) சேர்ந்து வர வேண்டும் என்று முடிவு செய்துகொள்வது நல்லது. அதற்கு ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். 2023 தீபாவளி, விடியுமுன், திருநெல்வேலியில் போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்தது. கோப்புக்குள் இருப்பவை:

- எடுத்த நேரம்: 2023:11:12 04:40:18
- நேர மண்டலம்: +05:30
- இடம்: வடக்கு 8.73, கிழக்கு 77.70
- ஓரியன்டேஷன்: 6
- நிற விவரம்: டிஸ்ப்ளே பி3
- பின்னால் சேர்த்த குறிப்பு: "எண்ணெய்க் குளியல்", ஊர்: "திருநெல்வேலி"

கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்தப் படத்தை வைத்தே பார்க்கலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

நேரம். கேமரா தானாக எழுதும் விவரங்கள் இருக்கும் எக்ஸிஃப் பகுதியில் உள்ள 'டேட் டைம் ஒரிஜினல்' என்ற புலம்தான் படம் எடுத்த நேரம். அது காணாமல் போனால் கேலரி மென்பொருள்கள் கோப்பு கடைசியாக மாறிய தேதியை எடுத்துக்கொள்ளும். மாற்றிய கோப்பு புதுக் கோப்பு என்பதால் அந்தத் தேதி இன்றையதாக இருக்கும். எல்லாப் படமும் ஒரே நாளில் குவிவது இதனால்தான். நேர மண்டலத்துக்கான புலம் 2016-இல் வந்த எக்ஸிஃப் 2.31-இல்தான் சேர்ந்தது. அதற்கு முந்திய கேமராப் படங்களில் கடிகார நேரம் மட்டுமே இருக்கும், எந்த நாட்டு நேரம் என்று இருக்காது.

இடம். வீட்டுச் சேகரிப்பில் இது இருந்தே ஆக வேண்டும். வெளியே அனுப்பும் பிரதியில் இருக்கவே கூடாது. ஒரே வழியை இரண்டுக்கும் பயன்படுத்தினால் ஏதாவது ஒன்று கெடும்.

நிலை. போனைச் செங்குத்தாகப் பிடித்தாலும் சென்சார் கிடைமட்டமாகவே பதிவு செய்கிறது. "காட்டும்போது வலப்பக்கம் திருப்பிக் காட்டு" என்று சொல்வதுதான் ஓரியன்டேஷன் 6. ஹெய்க் கோப்பில் இதே செய்தி இன்னோர் இடத்திலும், கோப்பின் சொந்தக் கட்டமைப்புக்குள், இருக்கிறது. மாற்றி மென்பொருள் அதைப் பார்த்து பிக்சலையே திருப்பிவிட்டு, எக்ஸிஃப்பில் உள்ள 6-ஐ அப்படியே நகலெடுத்தால் படம் இரண்டு தரம் திரும்பும். தாத்தா படுத்துவிடுவது இப்படித்தான்.

நிறம். ஐபோன் படங்கள் டிஸ்ப்ளே பி3 என்ற அகலமான நிறவெளியில் இருக்கின்றன. அதைச் சொல்லும் ஐசிசி விவரம் விழுந்துவிட்டால் திரை அதை வழக்கமான எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்ளும். பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பு வெளிறிப்போகும். பெரிய மாற்றமாகத் தெரியாது, அதனாலேயே பலர் கவனிப்பதில்லை.

எழுத்து. தலைப்பு, குறிப்பு, ஊர், குறிச்சொற்கள். இவை எக்ஸிஃப், ஐபிடிசி (செய்திப் படங்களுக்கென வந்த பழைய வடிவம்), எக்ஸ்எம்பி (பின்னால் வந்த புதிய வடிவம்) என்று மூன்று இடங்களில் இருக்கலாம். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது தனிக் கதை. பின்னால் வருகிறது.

ஜேபெக்குக்குப் போனால் சிலவற்றை எந்த வழியிலும் முழுதாகக் காப்பாற்ற முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். போர்ட்ரெய்ட் படத்தின் ஆழ வரைபடமும் எச்டிஆர் பிரகாசத்துக்கான துணைப் படமும் சாதாரண மாற்றத்தில் கழன்றுவிடும். லைவ் ஃபோட்டோ உண்மையில் ஒரு படமும் ஒரு குறும்வீடியோவும் சேர்ந்த ஜோடி. அவற்றை இணைக்கும் அடையாள எண் ஆப்பிளின் மேக்கர் நோட்ஸ் பகுதியில் இருக்கிறது, அது விழுந்தால் ஜோடி பிரியும். இந்த ஒரு காரணத்துக்காகவே மூலத்தை அழிக்காதீர்கள் என்கிறோம்.

## எந்த வடிவத்துக்கு?

| வடிவம் | மெட்டாடேட்டா தாங்குமா | எங்கும் திறக்குமா | அளவு (12 மெகாபிக்சல்) | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| ஹெய்க் (மாற்றாமல்) | முழுதாக | சில இடங்களில் இல்லை | சிறியது | பழைய விண்டோஸ், உலாவிகளில் தகராறு |
| ஜேபெக் | மூன்று வகையும் | எங்கும் | ஹெய்க்கைப் போலச் சுமார் இரு மடங்கு | ஒரு தரம் மீண்டும் அமுக்கும் இழப்பு |
| பிஎன்ஜி | தாங்கும், ஆனால் பலர் படிப்பதில்லை | எங்கும் | பல மடங்கு | தேதி 'இல்லை' என்று காட்டும் மென்பொருள்கள் |
| டிஃப் | மூன்று வகையும் | அச்சகம், தொழில்முறை மென்பொருள் | சுமார் 36.6 எம்பி | இடம் |
| வெப்பி | எக்ஸிஃப், எக்ஸ்எம்பி | உலாவிகள் | சிறியது | முன்னிருப்பாகவே உரித்துவிடும் கருவி |

வீட்டுச் சேகரிப்புக்கு ஜேபெக்தான். 1990-களிலிருந்து வந்த எந்த மென்பொருளும் அதைப் படிக்கும், மெட்டாடேட்டா மூன்று வகைக்கும் அதில் நிலையான இடம் இருக்கிறது. தரம் 90 முதல் 92 வரை போதும். 100 வைத்தால் கோப்பு வீங்குமே தவிரக் கண்ணுக்கு எந்த லாபமும் இல்லை.

பிஎன்ஜி பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு: "இழப்பில்லாத வடிவம், ஆகவே எதுவும் இழக்காது." இழக்காதது பிக்சல். எக்ஸிஃப்பை வைக்க அதற்கு அதிகாரப்பூர்வ இடம் கிடைத்ததே 2017-இல். அதற்கு முன் எழுதிய மென்பொருள்கள் அந்த இடத்தை எட்டிப் பார்ப்பதில்லை. தகவல் உள்ளே பத்திரமாக இருந்தாலும் கேலரி 'தேதி இல்லை' என்று காட்டும். திரைப்பிடிப்புக்கும் வரைபடத்துக்கும் பிஎன்ஜி, புகைப்படத்துக்கு வேண்டாம்.

டிஃப் அச்சகத்துக்கு. 4032 × 3024 பிக்சல், ஒவ்வொன்றுக்கும் 3 பைட் என்று பெருக்கினால் 3 கோடியே 65 லட்சம் பைட் தாண்டும். 16 பிட் என்றால் இரு மடங்கு. ஆயிரம் படத்துக்கு எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வெப்பி வலைத்தளத்துக்கு நல்லது. ஆனால் கூகுளின் சொந்தக் கட்டளைக் கருவியான 'சிவெப்பி'யில் மெட்டாடேட்டா தேர்வின் முன்னிருப்பு மதிப்பே 'நன்', அதாவது எதையும் எடுத்துப் போகாதே. நாமாக 'ஆல்' என்று சொன்னால்தான் எடுத்துப் போகும். இது பிழை கிடையாது. வலைக்குச் சின்னக் கோப்பு வேண்டும் என்ற நினைப்பில் வைத்தது. தெரியாமல் ஆயிரம் படத்தை அதில் ஓட்டியவருக்கு அந்த நியாயம் ஆறுதல் தராது.

கேமராவின் ரா கோப்பு (பதப்படுத்தாத மூலப் பதிவு) வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை பாதிதான் பொருந்தும். அவர்கள் எடைபோட வேண்டியது ராவை அப்படியே வைப்பதா, அடோபி 2004-இல் கொண்டுவந்த டிஎன்ஜி ஆக்குவதா என்பதை. டிஎன்ஜியில் குறிப்புகள் கோப்புக்குள்ளேயே போகும், பக்கத்தில் தனி எக்ஸ்எம்பி கோப்பு தேவையில்லை. பக்கக் கோப்பைத் தனியே விட்டுவிட்டுப் படத்தை மட்டும் நகர்த்தும் பழக்கம் உள்ளவர்களுக்கு டிஎன்ஜி நல்லது.

மாற்றாமலே விடுவதும் ஒரு தேர்வுதான். ஆப்பிள் சாதனங்கள் 2017 முதல் ஹெய்க்கைப் படிக்கின்றன. விண்டோஸில் இரண்டு நீட்டிப்புகள் வேண்டும்: படத்துக்கானது இலவசம், உள்ளே இருக்கும் எச்இவிசி குறிமுறைக்கானது சிறு கட்டணம். இலவசமானதை மட்டும் போட்டுவிட்டு "இன்னும் திறக்கவில்லையே" என்று தவிப்பவர்கள் நிறைய. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளில் ஹெய்க் திறக்காது. படங்கள் உங்கள் போனிலும் மேக்கிலும் மட்டும் சுற்றுகின்றன என்றால் மாற்றவே மாற்றாதீர்கள்.

## வழி 1: போனையே மாற்றித் தரச் சொல்வது

ஐபோனின் கேமரா அமைப்பில் ஃபார்மேட்ஸ் என்ற இடத்தில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' வைத்தால் இனி எடுப்பவை ஜேபெக்காகவே பதியும். மாற்றமே நடக்காததால் தொலைய எதுவும் இல்லை. போனில் இடம் சுமார் இரு மடங்கு போகும், அதுதான் விலை. ஏற்கெனவே எடுத்தவற்றுக்கு இது உதவாது.

எடுத்தவற்றுக்கு ஃபோட்டோஸ் அமைப்பின் அடியில் 'டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி' இருக்கிறது. 'ஆட்டோமேட்டிக்' என்றால் கேபிள் வழியே நகலெடுக்கும்போதே போன் ஜேபெக்காக மாற்றித் தரும். நேரமும் இடமும் கூடவே வரும், நிலையும் சரியாக இருக்கும். ஐம்பது நூறு படத்துக்கு இது போதும். ஆயிரக்கணக்கில் போனால் விண்டோஸ் நடுவில் 'சாதனம் இயங்கவில்லை' என்று பிழை காட்டி நின்றுவிடும். போன் ஒவ்வொரு படமாக அந்த நேரத்திலேயே மாற்றுகிறது, கம்ப்யூட்டருக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. எது வந்தது, எது வரவில்லை என்று பிறகு கண்டுபிடிப்பது பெரும்பாடு. அந்தப் பிழை ஒரு தரம் வந்தாலே 'கீப் ஒரிஜினல்ஸ்' என்று மாற்றி ஹெய்க்காகவே இறக்கிவிடுங்கள். மாற்றுவதைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளலாம்.

அப்படி இறக்கும்போது ஒரே படம் இரண்டு பெயரில் வரலாம். பெயரில் 'இ' என்ற எழுத்து கூடுதலாக இருப்பது போனிலேயே திருத்திய பிரதி, அது இல்லாதது மூலம். கூடவே வரும் 'ஏஏஇ' கோப்பு திருத்தக் குறிப்பு, விண்டோஸுக்கு அது ஒன்றும் புரியாது.

பகிரும்போது மேலே 'ஆப்ஷன்ஸ்' என்று சின்னதாக ஓர் இடம் இருக்கிறதல்லவா, அங்கேதான் 'லொக்கேஷன்' பொத்தானும் 'ஆல் ஃபோட்டோஸ் டேட்டா'வும் இருக்கின்றன. வெளி ஆட்களுக்கு அனுப்பும்போது முதலாவதை அணையுங்கள். போனிலேயே கொஞ்சம் படங்களை மாற்ற வேண்டும் என்றால் ஷார்ட்கட்ஸ் செயலியில் 'கன்வெர்ட் இமேஜ்' செயலைப் போட்டு, 'பிரிசர்வ் மெட்டாடேட்டா' இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டலாம்.

யாருக்கு: மாதத்துக்கு ஐம்பது நூறு படம் இறக்குகிறவர்களுக்கு.

## வழி 2: மேக்கில் இருக்கும் வசதி

ஃபைண்டரில் படங்களைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக், 'குவிக் ஆக்‌ஷன்ஸ்', 'கன்வெர்ட் இமேஜ்'. அளவை 'ஆக்சுவல் சைஸ்' என்றும், 'பிரிசர்வ் மெட்டாடேட்டா' பெட்டியை டிக் செய்தும் விட்டால் நம் தீபாவளிப் படம் நேரம், இடம், நிலை, நிறம் நான்கோடும் வந்து சேரும். இதைவிடச் சுலபமான வழி மேக்கில் இல்லை.

பொறி இருப்பது ஃபோட்டோஸ் செயலியில். அங்கே நீங்கள் எழுதிய தலைப்பும் குறிப்பும் படக் கோப்புக்குள் போவதே இல்லை, செயலியின் தரவுத்தளத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. 'மூலம் அப்படியே' என்ற ஏற்றுமதியைத் தேர்ந்தால் பெயருக்கேற்ப போனில் எடுத்த கோப்பு வரும், நீங்கள் எழுதிய ஒரு வரியும் வராது. மூலத்தை எடுப்பதே பத்திரம் என்று நினைத்துச் செய்பவர்களுக்குத்தான் இந்த அடி விழுகிறது. அங்கே 'ஐபிடிசியை எக்ஸ்எம்பி ஆக' என்ற பெட்டியையும் டிக் செய்தால் குறிப்புகள் பக்கக் கோப்பாக வரும். ஜேபெக்காக ஏற்றுமதி செய்வதென்றால் 'லொக்கேஷன்', 'டைட்டில், கீவேர்ட்ஸ்' இரண்டு பெட்டிகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

யாருக்கு: மேக் இருக்கிற எவருக்கும், ஃபோட்டோஸில் குறிப்பு எழுதியவர்கள் மேலே சொன்ன பெட்டிகளைக் கவனிப்பதாக இருந்தால்.

## வழி 3: விண்டோஸில் எக்ஸ்என்கன்வெர்ட், இர்ஃபான்வியூ

இரண்டும் தனிப்பட்ட உபயோகத்துக்கு இலவசம், இரண்டும் ஆயிரக்கணக்கில் ஓட்டும். இர்ஃபான்வியூவில் ஹெய்க் திறக்க அதன் பிளகின் தொகுப்பும் விண்டோஸ் நீட்டிப்புகளும் வேண்டும். ஜேபெக் சேமிக்கும் பெட்டியில் எக்ஸிஃப், ஐபிடிசி, எக்ஸ்எம்பி மூன்றுக்கும் தனித்தனி டிக் இருக்கிறது. எக்ஸிஃப்பை மட்டும் டிக் செய்துவிட்டுக் குறிச்சொற்களைத் தொலைப்பது வாடிக்கை. மூன்றையும் டிக் செய்யுங்கள். நூறு படங்களைச் சேர்த்து மாற்றும் பெட்டிக்குள் போகும்போது அந்த அமைப்பை அங்கேயும் ஒரு தரம் திறந்து பாருங்கள்.

எக்ஸ்என்கன்வெர்ட்டில் 'அவுட்புட்' பக்கத்தில் மெட்டாடேட்டாவை வைத்திருக்கும் டிக்கும், கோப்பின் மூலத் தேதியை வைத்திருக்கும் டிக்கும் வேறு வேறு. இரண்டும் வேண்டும். முதலாவது எக்ஸிஃப்புக்கு, இரண்டாவது ஃபோல்டரில் தேதி வாரியாக அடுக்குகிறவர்களுக்கு. வெளியீட்டு ஃபோல்டரை வேறாக வையுங்கள். 'மேலெழுது' என்பதை ஒருபோதும் தொடாதீர்கள்.

முழு ஃபோல்டரையும் ஓட்டும் முன் ஒரு செங்குத்துப் படத்தை மட்டும் மாற்றி, குறைந்தது இரண்டு மென்பொருளில் திறந்து பாருங்கள். ஒன்றில் நிமிர்ந்தும் மற்றதில் படுத்தும் தெரிந்தால் இரட்டைத் திருப்பம் நடந்திருக்கிறது. முதல் மென்பொருள் ஓரியன்டேஷன் புலத்தைக் கவனிக்காததால் அங்கே சரியாகத் தெரிகிறது. கிடைமட்டப் படத்தை வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை கடைசிவரை தெரியவராது.

யாருக்கு: கட்டளை வரிக்குப் பயப்படுகிற, ஆனால் பெரிய சேகரிப்பு உள்ளவர்களுக்கு.

## வழி 4: இமேஜ்மேஜிக்கும் எக்ஸிஃப்டூலும்

முழுக் கட்டுப்பாடு வேண்டும் என்றால் இதுதான். ஃபில் ஹார்வி 2003-இல் தொடங்கி இன்றும் பராமரிக்கும் எக்ஸிஃப்டூல் மெட்டாடேட்டாவை மட்டும் படித்து எழுதும் கருவி. படத்தை மாற்றாது. அதனால் மாற்ற இமேஜ்மேஜிக் என்று ஒருவர், பெட்டி படுக்கையைத் தூக்கி வர இன்னொருவர் என்று இரண்டு வேலையாகச் செய்ய வேண்டும். கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறோம், தட்டும்போது ஆங்கில எழுத்தில் இடைவெளியில்லாமல் தட்டுங்கள்.

1. இமேஜ்மேஜிக்கின் 'மோக்ரிஃபை' கட்டளைக்கு 'ஃபார்மேட்' ஜேபிஜி, 'குவாலிட்டி' 92, 'பாத்' ஆக வேறொரு ஃபோல்டர் என்று மூன்றையும் கொடுங்கள். 'ஃபார்மேட்', 'பாத்' இரண்டும் இல்லாமல் ஓட்டினால் மோக்ரிஃபை மூலக் கோப்பின்மேலேயே எழுதிவிடும். 'ஸ்டிரிப்' என்ற சொல்லை எங்கிருந்தாவது நகலெடுத்த கட்டளையில் பார்த்தால் நீக்கிவிடுங்கள். நேரம், இடம், நிறம் எல்லாவற்றையும் உரித்துப் போடுவதுதான் அதன் வேலை.
2. வந்த ஜேபெக்கை எக்ஸிஃப்டூலில் வெறுமனே திறந்து பாருங்கள். பெரும்பாலும் எக்ஸிஃப்பும் ஐசிசியும் கூடவே வந்திருக்கும். விடுபட்டது என்ன என்று தெரிந்துகொண்டு மேலே போங்கள்.
3. 'டேக்ஸ் ஃப்ரம் ஃபைல்' கட்டளையில் அதே பெயருள்ள ஹெய்க்கை மூலமாகக் காட்டி, 'ஆல்:ஆல்' என்று கேளுங்கள். 'ஆல்' என்று மட்டும் சொன்னால் எக்ஸிஃப்டூல் தனக்கு விருப்பமான பகுதியில் எழுதிக்கொள்ளும். இரண்டு தரம் சொன்னால் எந்தப் பகுதியில் இருந்ததோ அதே பகுதிக்குப் போகும்.
4. ஓரியன்டேஷனை நகலிலிருந்து விலக்கி, எண் வடிவில் 1 என்று எழுதச் சொல்லுங்கள். பிக்சல் ஏற்கெனவே நிமிர்ந்துவிட்டது.
5. ஐசிசி விவரத்தை 'ஆல்' கொண்டுவராது, அதைத் தனியே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ஆனால் மாற்றி மென்பொருள் நிறங்களை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றியிருந்தால் கேட்கவே கூடாது. எஸ்ஆர்ஜிபி பிக்சலுக்கு பி3 சீட்டு ஒட்டினால் முகமெல்லாம் மஞ்சள் தேய்த்துக் குளித்தது போலாகும்.

எக்ஸிஃப்டூல் ஒவ்வொரு கோப்பையும் திருத்தும் முன் பெயரின் கடைசியில் 'ஒரிஜினல்' என்று சேர்த்து ஒரு பிரதி வைக்கும். ஃபோல்டர் இரு மடங்காகிவிட்டதே என்று பதறி முதல் நாளே அவற்றை அழிக்க வேண்டாம். சரிபார்த்த பிறகு அழிக்கலாம். லினக்ஸில் நீட்டிப்பு பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பதும் கணக்கு. ஐபோன் பெரிய எழுத்தில் வைக்கிறது. கட்டளையில் சின்ன எழுத்து இருந்தால் 'கோப்பு இல்லை' என்று ஒன்றையும் செய்யாமல் திரும்பிவிடும்.

யாருக்கு: ஆயிரத்துக்கு மேல் படமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கைவசம் இருப்பவர்களுக்கு.

## வழி 5: இணைய மாற்றிகள், வாட்ஸ்அப்

இணைய மாற்றியில் ஏற்றும்போது வீட்டு முகவரிக்குச் சமமான இடத் தகவல் முன்பின் தெரியாத சர்வருக்குப் போகிறது. திரும்பி வரும் கோப்பில் அது பெரும்பாலும் இருக்காது. அதாவது கொடுக்கக் கூடாதவருக்குக் கொடுத்துவிட்டு, நமக்கு வேண்டியதை இழக்கிறோம். அரசுத் தேர்வு விண்ணப்பத்துக்கு 50 கேபிக்குள் ஒரு முகப்படம் வேண்டும் என்றால்கூட மெட்டாடேட்டா இல்லாததே வசதி, ஆனால் அதையும் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே செய்யலாம்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எக்ஸிஃப் போய்விடும், அளவும் குறையும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். உறவுக்காரர்களிடமிருந்து கல்யாணப் படம் வாங்கும்போது இதைச் சொல்லிக் கேளுங்கள். ஆண்ட்ராய்டில் ஏற்கெனவே சேர்ந்துபோன வாட்ஸ்அப் படங்களின் கோப்புப் பெயரில் எட்டு இலக்கத் தேதி இருக்கும். அந்தப் படம் எடுத்த தேதி தெரியாது, அது உங்கள் போனுக்கு வந்த தேதியாகவே இருக்கும். ஒன்றும் இல்லாததற்கு அதையாவது எக்ஸிஃப்டூலால் பெயரிலிருந்து தேதிப் புலத்துக்கு எழுதிக்கொள்ளலாம்.

## தமிழில் குறிப்பு எழுதியவர்களுக்கு

ஆங்கிலத்தில் வரும் வழிகாட்டிகளில் இதைப் பெரும்பாலும் பார்க்க முடியாது. நம் படத்தில் ஊர் 'திருநெல்வேலி' என்று இருக்கிறதல்லவா? யூனிகோடில் அது 12 குறிகள். யூனிகோடைக் கோப்பில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் என்பதால் மொத்தம் 36 பைட். ஐபிடிசியின் பழைய வடிவில் ஊர்ப் புலத்துக்கு ஒதுக்கிய இடம் 32 பைட். ஆகவே 'திருநெல்வே' வரை போய், அதற்கப்புறம் உடைந்த ஒரு குறியோடு நின்றுவிடலாம். ஆங்கிலத்தில் எழுதினால் 11 பைட்டில் முடிகிற ஊர் இது.

மற்ற புலங்களும் இப்படித்தான். குறிச்சொல் ஒன்றுக்கு 64 பைட், தமிழில் 21 குறிகள். படம் எடுத்தவர் பெயருக்கு 32 பைட், தமிழில் 10 குறிகள், இனிஷியலோடு எழுதினால் பாதிப் பேருக்குப் போதாது. குறிப்புக்கு 2000 பைட், ஏறத்தாழ 666 குறிகள், அது மட்டும் பரவாயில்லை. எக்ஸிஃப்டூல் இந்த எல்லையை மீறினால் எச்சரித்துவிட்டு வெட்டும். சில மென்பொருள்கள் எச்சரிக்காமல் வெட்டும்.

எக்ஸிஃப்பின் விவரணைப் புலமும் முதலில் ஆங்கில எழுத்துக்கென்று வகுத்ததுதான். யூடிஎஃப்-8-க்கு இடம் தந்தது 2023-இல் வந்த எக்ஸிஃப் 3.0. அதற்கு முன்பே பல மென்பொருள்கள் தமிழை அங்கே திணித்துக்கொண்டிருந்தன. படிக்கிற மென்பொருள் வேறு குறிமுறை என்று நினைத்தால் வரி முழுக்கப் பொருளற்ற ஐரோப்பியக் குறிகளாகத் தெரியும்.

எக்ஸ்எம்பி 2001-இல் வந்தது, முழுக்க யூனிகோட், நீள எல்லையில் இந்தத் தொல்லை இல்லை. தமிழ்க் குறிப்பு எழுதுகிறவர்கள் எக்ஸ்எம்பியை மூலமாக வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். ஐபிடிசியில் கட்டாயம் எழுத வேண்டியிருந்தால் அதன் குறிமுறைப் புலத்தை யூடிஎஃப்-8 என்று முதலில் அமைத்துவிட்டு எழுதுங்கள். விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் தமிழை நேரடியாக ஒட்டினால் கேள்விக்குறிகளாக மாறிவிடக்கூடும். குறிப்பை யூடிஎஃப்-8 கோப்பில் சேமித்து, அந்தக் கோப்பிலிருந்து படிக்கும்படி எக்ஸிஃப்டூலிடம் சொல்லுங்கள். கோப்பின் பெயரே தமிழில் இருந்தால் அதற்கும் தனியாக 'கேரக்டர்செட் ஃபைல்நேம்' யூடிஎஃப்-8 என்று கொடுக்க வேண்டும்.

## கூகுள் ஃபோட்டோஸிலிருந்து மொத்தமாக இறக்கியவர்கள்

கூகுளின் மொத்த இறக்க வசதியான டேக்அவுட்டில் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஜேசன் என்ற எழுத்துக் கோப்பு ஒன்று வரும். கூகுளில் நீங்கள் திருத்திய தேதியும் எழுதிய குறிப்பும் அதில்தான் இருக்கும், படத்துக்குள் இருக்காது. ஹெய்க்கை மட்டும் மாற்றிவிட்டு ஜேசனைத் தூக்கிப் போட்டால் அவ்வளவுதான். பெயர் நீளமாக இருந்தால் ஜேசனின் பெயர் நடுவில் வெட்டுப்பட்டு, படத்தோடு பெயர் பொருந்தாமலும் போகும்.

ஜேசனில் உள்ள நேரம் உலகப் பொது நேரமான யூடிசியில், விநாடி எண்ணாக இருக்கிறது. நம் தீபாவளிப் படத்தின் 12-ஆம் தேதி காலை 4:40 அங்கே 11-ஆம் தேதி இரவு 23:10. அதை அப்படியே 'டேட் டைம் ஒரிஜினல்' புலத்தில் எழுதிவிட்டால் எண்ணெய்க் குளியல் முந்தின நாள் இரவுக்குப் போய்விடும். பகல் படங்களில் ஐந்தரை மணி நேர வித்தியாசத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள். அதிகாலை முகூர்த்தம், மார்கழிக் கோலம், தீபாவளி என்று விடியலில் எடுத்தவைதான் நாள் மாறி அம்பலமாகும். ஏற்கெனவே தவறாக எழுதிவிட்டிருந்தால் எக்ஸிஃப்டூலில் 'ஆல் டேட்ஸ்' புலத்தோடு 5:30 கூட்டச் சொல்லி, நேர மண்டலப் புலத்தில் +05:30 எழுதுங்கள். வெளிநாட்டுப் பயணப் படங்களைத் தனி ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு இதைச் செய்யுங்கள், அவற்றுக்கு வேறு கணக்கு.

## மூலத்தை அழிக்கும் முன்

முதலில் எண்ணிக்கை: ஹெய்க் எத்தனை, ஜேபெக் எத்தனை. பிறகு எக்ஸிஃப்டூலின் 'இஃப்' நிபந்தனையில், எடுத்த நேரம் இல்லாத ஜேபெக்குகளை மட்டும் பட்டியலிடச் சொல்லுங்கள். பட்டியலில் பெயர் வந்தால் அதே பெயருள்ள ஹெய்க்கில் தேதி இருந்ததா என்று பாருங்கள். திரைப்பிடிப்பும் வாட்ஸ்அப் படமும் அங்கே வருவது சகஜம். இடத் தகவலுக்கும் இதே சோதனை.

எண்ணால் பிடிபடாதவற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு செங்குத்துப் படம், சிவப்பு அதிகமுள்ள ஒரு படம், நீளமான தமிழ்க் குறிப்புள்ள ஒரு படம், விடியலில் எடுத்த ஒரு படம். நான்கையும் மூலத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படத்தை வெட்டித் திருத்தியிருந்தால் எக்ஸிஃப்புக்குள் இருக்கும் சின்ன முன்னோட்டப் படத்தையும் பாருங்கள். வெட்டியெறிந்த பகுதி சில சமயம் அதில் அப்படியே உட்கார்ந்திருக்கும், வெளியே அனுப்பும் பிரதிக்கு அது ஆகாது.

நான்கும் தேறினாலும் ஹெய்க் ஃபோல்டரை ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு நகர்த்தி வையுங்கள். ஜேபெக்கை விடச் சுமார் பாதி இடம்தான் பிடிக்கும், லைவ் ஃபோட்டோவின் ஜோடியும் ஆழ வரைபடமும் அங்கே மட்டும்தான் இருக்கின்றன.